முத்தம் மூன்று நாள் கழித்து வேண்டும்

மனத்துக்குப் பிடித்த சினிமா நட்சத்திரம் ஒருவர் முத்தம் தரத் தயாராக இருக்கிறார். ஆனால் இலவசம் இல்லை. இந்த நிமிடமே வேண்டுமா, மூன்று மணி நேரம் கழித்தா, நாளைக்கா, மூன்று நாள் கழித்தா, ஓராண்டு கழித்தா, பத்தாண்டு கழித்தா? ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் எவ்வளவு பணம் கொடுப்பீர்கள்?

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் கல்லூரி மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடைகளை 1987-இல் வெளியிட்டார். நல்லது சீக்கிரம் கிடைத்தால்தான் அதற்கு மதிப்பு, தள்ளிப்போகப் போக மதிப்பு தேயும் என்பது பொருளியலின் பால பாடம். மாணவர்கள் அந்தப் பாடத்தைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் மிக அதிக விலை சொன்னது, மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் முத்தத்துக்கு. மூன்று நாளும் அதை நினைத்து நினைத்து மகிழலாம் அல்லவா? பத்தாண்டு என்றால் சுவாரசியம் போய்விடுகிறது. நட்சத்திரத்துக்கும் வயதாகிவிடும்.

அதே ஆய்வில் மின்னதிர்ச்சியைப் பற்றியும் கேட்டார். அங்கே கணக்கு தலைகீழ். உடனே வாங்கும் அதிர்ச்சியைத் தவிர்க்கக் கொடுப்பதைவிட, பல நாள் கழித்து வரப்போகும் அதிர்ச்சியைத் தவிர்க்கக் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வலியைவிட, வலி வருமே என்று உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. பல் மருத்துவரிடம் தேதி வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காத்திருப்பதன் சுகம் நம்மவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. தீபாவளியைவிட அதற்கு முந்தின ராத்திரிதான் நன்றாக இருக்கும் என்பதைப் பலகாரம் வேகும் எந்த வீட்டுப் பிள்ளையும் சொல்லும். திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். அவற்றில் பெரும்பகுதி சேர்ந்திருப்பதைப் பற்றிப் பேசவில்லை. பிரிந்திருப்பது, நினைத்துப் புலம்புவது, கனவு காண்பது, வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்வது இவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. நூலின் கடைசி அதிகாரமே ஊடல் உவகை. கூடலைத் தள்ளிப்போடுவதில் உள்ள மகிழ்ச்சியோடு 1,330 குறள்களும் முடிகின்றன. லோவன்ஸ்டைன் மாணவர்களிடம் விலை கேட்டுக் கண்டதை வள்ளுவர் விலை கேட்காமலே கண்டிருக்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் இன்பம் இருப்பது கிடைப்பதிலா, கிடைக்கப்போகிறது என்று நினைப்பதிலா? மூளையைத் திறந்து பார்த்தவர்கள் எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அது தொடங்கியது, இடம் தவறிப் போன ஒரு கம்பியில்.

1953-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்று இரண்டு இளம் ஆய்வாளர்கள் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி மின்சாரம் செலுத்திக்கொண்டிருந்தார்கள். விழிப்பைத் தூண்டும் பகுதியைத் தொடுவதுதான் நோக்கம். ஒரு எலியில் கம்பி வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்த எலி விநோதமாக நடந்துகொண்டது. பெட்டியின் எந்த மூலையில் நின்றபோது மின்சாரம் பாய்ந்ததோ அந்த மூலைக்கே திரும்பத் திரும்பப் போனது. அழுத்தினால் தானே மின்சாரம் பெற்றுக்கொள்ளும்படி ஒரு நெம்புகோலை வைத்தபோது, எலிகள் வேறு வேலையே பார்க்கவில்லை. சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்தின. பசித்த எலிகள் சோற்றை விட்டுவிட்டு நெம்புகோலிடம் போயின. நடுவில் மின்னதிர்ச்சி தரும் கம்பித்தளம் இருந்தாலும் அதைக் கடந்து ஓடின.

1954-இல் கட்டுரை வெளியானது. மூளையில் 'இன்ப மையம்' கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி பரவியது. மூன்று ஆண்டுகளில் சுவீடனைச் சேர்ந்த அர்வித் கார்ல்சன், டோபமைன் என்னும் ரசாயனம் மூளையில் செய்தி கடத்துகிறது என்று காட்டினார். பிறகு 2000-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். எலிகளை நெம்புகோலோடு கட்டிப்போட்ட நரம்புப் பாதைகளில் டோபமைன் ஓடுகிறது என்பதும் தெரிந்தது. இன்பம் என்றால் டோபமைன் என்ற முடிச்சு இறுகிவிட்டது. இன்றைக்கும் அழகு நிலைய விளம்பரம் முதல் யூடியூப் உபதேசம் வரை அந்த முடிச்சு அவிழவே இல்லை.

அதை ஆய்வகத்தில் அவிழ்த்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். அவருடைய ஆயுதம், எலியின் முகம். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எலி உதட்டை நக்கிக்கொள்ளும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். பிறந்த குழந்தையும் இதையேதான் செய்கிறது. குரங்குகளும் செய்கின்றன. பேசத் தெரியாத உயிருக்கு ஒன்று பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி இல்லை. 1980களின் இறுதியில் பெரிட்ஜ், டெரி ராபின்சனுடன் சேர்ந்து, எலிகளின் மூளையிலிருந்து டோபமைனை ஏறக்குறைய முழுவதும் ஒழித்துவிட்டு முகத்தைப் பார்த்தார். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. பக்கத்தில் வைத்தாலும் தின்னவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும் நிலை. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிக்கொண்டன.

இனிப்பு இனித்தது. ஆனால் அது வேண்டும் என்று தோன்றவில்லை.

எதிர்ச் சோதனையும் நடந்தது. டோபமைன் பாதையை மின்சாரத்தால் தூண்டியபோது எலிகள் வழக்கத்தைவிட அதிகம் தின்றன. முகத்தில் மட்டும் கூடுதல் ரசனை எதுவும் தெரியவில்லை. ஆகவே வேண்டும் என்னும் தவிப்பும் நன்றாக இருக்கிறது என்னும் ரசனையும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் என்றார் பெரிட்ஜ். தவிப்பின் ஏற்பாடு பெரியது, பலமானது, டோபமைனால் ஓடுவது. ரசனையின் ஏற்பாடு சிறியது, எளிதில் அணைந்துவிடுவது. எலி மூளையில் ரசனையைக் கூட்டும் புள்ளிகளில் ஒன்றின் அளவு சுமார் ஒரு கன மில்லிமீட்டர். அது பெரும்பாலும் உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களால் இயங்குகிறது. வாழ்க்கையில் ஆசை அதிகமாகவும் திருப்தி குறைவாகவும் இருக்கிறதே என்று புலம்புகிறவர்கள், குறைந்தபட்சம் அது தங்கள் குணக்கேடு மட்டும் அல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். கட்டுமானமே அப்படி.

அந்தத் தவிப்பு எந்த நொடியில் எழுகிறது? சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஒட்டுக்கேட்டார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது அவை படபடவென்று இயங்கின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சாறு வரும்போது அவை சும்மா இருந்தன. விளக்கு எரிந்தபோதுதான் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நொடியில் அவற்றின் இயக்கம் சட்டென்று அடங்கியது. ஏமாற்றத்தின் உருவம் அது. பின்னர் ஷுல்ட்ஸ் குழு இன்னொன்றும் கண்டது: சாறு நிச்சயம் வரும், அல்லது வரவே வராது என்று தெரிந்தால் காத்திருக்கும் நேரத்தில் பெரிய துடிப்பு இல்லை. வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்று இருக்கும்போதுதான் துடிப்பு உச்சம்.

சூதாட்டக்காரர்களுக்கு ஷுல்ட்ஸ் தேவைப்படவில்லை. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் கையைக் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு முன்பே காட்டியிருந்தார். சூதாட்ட இயந்திரமும் கைபேசியின் அறிவிப்பு மணியும் ஆன்லைன் ரம்மியும் ஒரே நரம்பைத் தட்டுகின்றன. ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களைப் பற்றிய செய்திகள் குவிந்த பிறகு, 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆடியவர்கள் எல்லாரும் ஆட்டத்தை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. பலருக்கு அது வெறுத்தே போயிருந்தது. அடுத்த சீட்டு மட்டும் வேண்டியிருந்தது.

மனிதர்களிடம் இந்தப் பிளவு அப்பட்டமாகத் தெரியவந்தது ஒரு நோயின் வழியாக. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது, நடை குறுகுகிறது. டோபமைன் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் நடுக்கத்தைக் குறைக்கின்றன. ஆனால் சிலரிடம் வேறொன்றும் கூடவே வந்தது. 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அத்தனை பேரும் கட்டுக்கடங்காத சூதாட்டத்தில் விழுந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது பிரமிபெக்சோல். வேறு நோயாளிகளிடம் தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவிப்பது, ஓயாமல் தின்பது, காம வேட்கை என்று அது வெளிப்பட்டது. மருந்தை மாற்றியதும் பலருக்கு அந்தப் பேய் இறங்கியது. (வீட்டில் யாராவது இந்த மருந்து சாப்பிட்டால் பயந்துகொண்டு தானாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இப்படி மாற்றம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொன்னால் போதும்.)

இனி காதலுக்கு வரலாம்.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் மிலான் நகரில் மெத்தில்ட் டெம்போவ்ஸ்கி என்ற பெண்ணைக் காதலித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வேதனையில் ஸ்டெந்தால் எழுதிய 'காதலைப் பற்றி' என்ற புத்தகம் 1822-இல் வந்தது. விற்பனையும் அவர் காதலைப் போலத்தான், யாரும் சீண்டவில்லை. ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் பக்கத்து உப்புச் சுரங்கத்தில் பார்த்த ஒரு காட்சியை அதில் அவர் விவரிக்கிறார். இலையுதிர்ந்த மரக்கிளை ஒன்றைச் சுரங்கத்தின் ஆழத்தில் போட்டுவிட்டு, சில மாதம் கழித்து எடுத்தால் உப்புப் படிகங்கள் அப்பி அது வைரக் கொத்துப் போல மின்னும். எந்த மரத்தின் கிளை என்றே தெரியாது. காதலிக்கும் மனம் காதலிக்கப்படும் ஆளுக்கு இதைத்தான் செய்கிறது என்றார். தொலைவும் நிச்சயமின்மையும் கூடக் கூடப் படிகம் வேகமாக வளரும். ஷுல்ட்ஸின் குரங்குகள் பாதிக்குப் பாதி வாய்ப்பில் தவித்ததற்கு 180 ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது இது.

அந்தப் படிகம் வளரக் காதலிக்கப்படுபவரின் அழகே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கனடாவின் வான்கூவர் அருகே கப்பிலானோ ஆற்றுக்கு மேலே ஒரு தொங்கு பாலம். சுமார் 137 மீட்டர் நீளம், கீழே 70 மீட்டர் பள்ளம்; காற்றடித்தால் ஆடும், ஆள் நடந்தாலும் ஆடும். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரான் என்ற இரு உளவியலாளர்கள் அந்தப் பாலத்தில் ஓர் இளம்பெண்ணை நிறுத்தினார்கள். தனியாக வரும் ஆண்களிடம் அவர் ஒரு படத்தைக் காட்டிச் சின்னக் கதை எழுதச் சொல்வார். பிறகு, ஆய்வைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கிழித்துக் கொடுப்பார். அதே வேலையை, ஆடாத, தாழ்வான இன்னொரு பாலத்திலும் செய்தார். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். ஆடும் பாலத்தில் எழுதப்பட்ட கதைகளிலும் காமத்தின் வாடை தூக்கலாக இருந்தது. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரே ஒரு பெண் நின்றார். மனம் கணக்கை அவர் பெயரில் எழுதிவிட்டது.

சின்னச் சோதனைதான். ஆடும் பாலத்துக்கு வருகிறவர்கள் இயல்பிலேயே துணிச்சல்காரர்களாக இருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஆய்வாளர்களே அந்தச் சந்தேகத்தை முன்கூட்டி யோசித்து, அதே பாலத்தைக் கடந்து வந்து இளைப்பாறியவர்களோடு ஒப்பிட்டார்கள். நெஞ்சுத் துடிப்பு அடங்கியவர்களில் கூப்பிட்டவர்கள் குறைவு. நம் சினிமாவில் மழையிலும் மலையுச்சியிலும் ரயில் படிக்கட்டிலும் காதல் மலர்வதை இனிக் கிண்டல் செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே ஆர்தர் ஏரான், மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷர், நரம்பியலாளர் லூசி பிரவுன் ஆகியோருடன் சேர்ந்து, புதிதாகக் காதலில் விழுந்த 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2005-இல் முடிவை வெளியிட்டார். காதலரின் படத்தைப் பார்த்தபோது ஒளிர்ந்தது, டோபமைன் புறப்படும் ஊற்றுக்கண். காதல் என்பது சந்தோஷம், துக்கம் போல ஓர் உணர்ச்சி என்பதைவிட, பசி, தாகம் போல ஒரு உந்துதல் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். காதலில் விழுந்தவர் சந்தோஷமாகத்தான் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், கைபேசியை நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கும் ஆளை ரசிக்கிறார் என்று சொல்ல முடியுமா? அவர் தவிக்கிறார்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று நம் ஊரில் கெடு வைத்திருக்கிறார்கள். பழமொழிக்கு ஆதாரம் நிறைய உண்டு; ஆனாலும் அது முழு உண்மை அல்ல. பியான்கா அசெவெடோ தலைமையில் 2012-இல் வந்த ஓர் ஆய்வில், சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்தியும் துணையின் மீது தீவிரக் காதல் குறையவில்லை என்று சொன்ன 17 பேரை ஸ்கேன் செய்தார்கள். சொன்னது பொய்யில்லை. புதுக் காதலர்களிடம் ஒளிர்ந்த அதே ஊற்றுக்கண் இவர்களிடமும் ஒளிர்ந்தது. கூடவே, ரசனையோடும் பற்றோடும் தொடர்புடைய பகுதிகளும் ஒளிர்ந்தன. ஊரில் உள்ள எல்லாத் தம்பதிகளுக்கும் இது பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை; இவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஆனால் 30, 60 என்ற கெடு உடலின் சட்டம் அல்ல என்பதற்கு இந்தப் 17 பேர் போதும்.

எப்படித் தப்பித்தார்கள்? ஏரான் குழு 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பாதி விடை. கணவன் மனைவியின் கையையும் காலையும் ஒரு பக்கம் சேர்த்துக் கட்டினார்கள். இருவருக்கும் நடுவே ஒரு தலையணை. அதைக் கையால் தொடாமல், கீழே விடாமல், விரிப்பின் மீது தவழ்ந்து போய்த் திரும்ப வேண்டும். ஏழு நிமிடக் கூத்து. அதைச் செய்து முடித்த தம்பதிகள் தங்கள் உறவைப் பற்றி முன்பைவிட நன்றாகச் சொன்னார்கள். சாதுவான வேலை கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பழகிய ஆளோடு பழகாத காரியம். வெளியூர்ப் பயணமும் நகைக்கடையும்தான் வழி என்பது இல்லை.

கற்பனை ஆசையைத் தூண்டும் என்றுதான் இதுவரை வந்தது. அது ஆசையைத் தீர்க்கவும் செய்யும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கேரி மோர்வெட்ஜ் குழு 2010-இல் செய்த சோதனை இது. சிலரிடம் எம் அண்ட் எம் மிட்டாய் மூன்றை ஒவ்வொன்றாகத் தின்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். வேறு சிலரிடம் முப்பது. பிறகு எல்லார் முன்னாலும் நிஜ மிட்டாய்க் கிண்ணத்தை வைத்தார்கள். மனத்துக்குள் முப்பது தின்றவர்கள், நிஜத்தில் குறைவாகத் தின்றார்கள். மிட்டாயைச் சும்மா நினைத்துப் பார்த்தால் இது நடக்காது, வாய்தான் ஊறும். ஒவ்வொன்றாக எடுத்து, வாயில் போட்டு, மென்று, விழுங்குவதாகப் பொறுமையாகக் கற்பனை செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஜிலேபியை வைத்து முயன்று பார்க்கலாம். செலவில்லை.

நாக்கின் சுவையிலும் கற்பனைக்குப் பங்கு உண்டு. 2008-இல் கலிஃபோர்னியாவில், ஒரே வைனை 10 டாலர் என்று சொல்லியும் 90 டாலர் என்று சொல்லியும் குடிக்கக் கொடுத்தார்கள். 90 டாலர் வைன் நன்றாக இருந்தது என்றார்கள். மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம் என்றால், ஸ்கேனில் இன்பத்தோடு தொடர்புடைய நெற்றிப்புற மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியிருந்தது. விலைச்சீட்டைத்தான் குடித்தார்கள், இனித்தது உண்மையாகவே இனித்தது.

மிளகாய் இன்னும் விநோதம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக நம் சமையலறைக்கு வந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகளே ஆன இந்தக் காய், சுவை நரம்பைத் தொடுவதில்லை. சூடு பட்டால் எரியும் நரம்பைத் தொடுகிறது. அந்த வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடல் நெருப்பு என்று அலறுகிறது. ஆள் இன்னொரு மிளகாய் பஜ்ஜி கேட்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோசின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பலருக்கு மிகவும் பிடித்த காரம், தாங்க முடியாத அளவுக்குச் சற்றே கீழே உள்ள காரம். உடல் ஆபத்து என்கிறது, மனம் ஆபத்தில்லை என்று அறிந்திருக்கிறது. அந்த இடைவெளியே சுகம் என்பது அவர் விளக்கம். பேய்ப் படமும் ராட்டினமும் அழவைக்கும் சினிமாவும் இதே வரிசைதான்.

இவ்வளவும் இருந்தும் அன்றாடம் ஏன் சப்பென்று இருக்கிறது?

1978-இல் ஃபிலிப் பிரிக்மன் குழு, இலினாய் மாநில லாட்டரியில் பெரும் பரிசு வென்ற 22 பேரைக் கேட்டது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை என்பதைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். விபத்தில் உடல் செயலிழந்தவர்களும் அவர்களும் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று சேர்த்தும் சொல்வார்கள். அது தவறு, விபத்துக்கு ஆளானவர்களின் மகிழ்ச்சி தெளிவாகவே குறைந்திருந்தது. அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதிதான் முக்கியமானது. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, தொலைக்காட்சி, ஒரு நகைச்சுவைத் துணுக்கு, பத்திரிகை வாசிப்பு போன்ற சின்னச் சின்ன விஷயங்களில் எவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டபோது, லாட்டரி வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சொன்னார்கள். பெரிய பரிசு இட்லியின் ருசியைக் கெடுத்துவிட்டது. (பத்திரிகை வாசிப்பு அந்தப் பட்டியலில் இருப்பதைப் பத்திரிகைக்காரர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.)

மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2010-இல் அலையும் மனத்தைக் கைபேசியை வைத்தே பிடித்தார்கள். 2,250 பேருக்கு நாளின் ஏதோ ஒரு நேரத்தில் மணியடிக்கும்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? 46.9 விழுக்காடு தடவை மனம் வேறு எங்கோ இருந்தது. குளிக்கும்போது, சமைக்கும்போது, பேசும்போது, எல்லாவற்றிலும் குறைந்தது 30 விழுக்காடு. ஒரே விதிவிலக்கு கலவி. (அந்த நேரத்திலும் கைபேசிக்குப் பதில் சொன்னவர்களை என்னவென்று சொல்வது?) மனம் அலைந்தபோது மகிழ்ச்சி குறைந்தது. இனிய விஷயத்தை நினைத்து அலைந்தாலும்கூட, கையில் இருக்கும் வேலையில் ஊன்றியிருந்ததைவிட மகிழ்ச்சி கூடவில்லை.

இது லோவன்ஸ்டைன் சொன்னதற்கு முரண் போலத் தோன்றும். எதிர்பார்ப்பில் இன்பம் என்றார் அவர். மனம் அலைந்தால் இன்பம் குறையும் என்கிறார்கள் இவர்கள். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. விடுமுறைப் பயணம் போகப்போகிறவர்கள், போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள், போவதற்கு முன்பு. திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியான பயணம் வாய்த்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. நாளும் இடமும் குறித்து, வரப்போவது நிச்சயம் என்று காத்திருப்பது ஒரு வகை. பல் துலக்கும்போது அலுவலகச் சண்டையை ஓட்டிப் பார்ப்பது வேறு வகை. கற்பனை என்று இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

பழகிப்போவதை உடைக்கச் சின்ன உபாயம் ஒன்று நம் திரையரங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் சிலருக்கு இடைவிடாமல் மசாஜ் கொடுத்தார்கள், சிலருக்கு நடுவில் கொஞ்சம் நிறுத்திக் கொடுத்தார்கள். நிறுத்தினால் எரிச்சலாக இருக்கும் என்றே எல்லாரும் ஊகித்தார்கள். நிறுத்தி வாங்கியவர்களுக்குத்தான் சுகம் அதிகம். அடுத்த ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட்டும் பார்த்தார்கள். திட்டிக்கொண்டே பார்த்தாலும் நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்றார்கள். ஹாலிவுட் படம் இடைவேளையைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. இங்கே கதாசிரியர்கள் இன்டர்வெல் பிளாக்கை யோசித்துவிட்டுத்தான் மீதிக் கதையை எழுதுகிறார்கள். பாப்கார்ன் விற்க வைத்த ஏற்பாடு என்றே இருக்கட்டும், ரசனைக்கும் அது நல்லது செய்கிறது.

மேலே சொன்னவற்றில் மனிதர்கள் கலந்துகொண்ட ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களையும் நடுத்தர வர்க்கத்தையும் வைத்து நடந்தவை. உலகத்தின் மிகச் சிறிய ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு மனித இயல்பு இதுதான் என்று எழுதுகிறார்கள் என்று ஜோசஃப் ஹென்ரிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-லேயே குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது. பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் ஸ்டெந்தாலின் படிகம் எப்படி வளர்கிறது? வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவே மனம் எந்த விழுக்காடு அலைகிறது? கில்லிங்ஸ்வொர்த்தின் சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு செயலியும் சில கேள்விகளும் மட்டுமே. இங்கே ஏறக்குறைய எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகள் அந்தக் கேள்விகளைத் தமிழில், நம் தறிக்கூடத்திலும் பேருந்திலும் அடுப்படியிலும் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.